சிவப்புக் கோடு என்ன சொல்கிறது?

வைரஸ் மிக நுண்ணிய கிருமி. அதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் ஒரு சிறிய சோதனை அட்டை அதைக் காட்டிக் கொடுக்கும். எப்படி? வாருங்கள், படிப்போம்.

2020 ஜூலை மாதம். நம் கடற்கரையில் கொரோனா வேகமாகப் பரவியது. பூந்துறையிலும் புல்லுவிளையிலும் சமூகப் பரவல் ஏற்பட்டுள்ளது என்று ஜூலை 17 அன்று முதலமைச்சர் பினராயி விஜயன் அறிவித்தார். யாரிடமிருந்து யாருக்கு நோய் வந்தது என்று தெரியாத நிலையே சமூகப் பரவல். நம் விழிஞ்ஞம் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் இருக்கிறது.

அப்போது ஆன்டிஜன் சோதனை உதவியது. இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். அரை மணி நேரத்துக்குள் முடிவு தெரியும். 2021 மே மாதம் வீட்டிலேயே செய்யும் சோதனைக்கும் அனுமதி கிடைத்தது. அப்போது அதன் விலை 250 ரூபாயாக இருந்தது.

அட்டை எப்படி வேலை செய்கிறது?

பஞ்சுக் குச்சியால் மூக்கில் சளி எடுப்பார்கள். அதைத் திரவத்தில் கலக்குவார்கள். சில சொட்டுகளை அட்டையின் குழியில் விடுவார்கள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, உள்ளே இருக்கும் காகிதத்தில் அது ஊறிச் செல்லும்.

வழியில் நுண்ணிய தங்கத் துகள்கள் இருக்கும். ஆம், தங்கம்தான்! மிக நுண்ணிய தங்கம் மஞ்சளாக இருக்காது. சிவப்பாகத் தெரியும். வைரஸ் இருந்தால் இந்தத் துகள்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். 'டி' என்ற இடத்தில் வைரஸைப் பிடிக்கும் பொருள் வலை போலக் காத்திருக்கும். அங்கே வைரஸும் துகள்களும் சிக்கும். சிவப்புக் கோடு தெரியும்.

எப்படிப் பார்ப்பது?

- 'சி', 'டி' இரண்டிலும் கோடு: வைரஸ் இருக்கிறது. மங்கலான கோடும் கோடுதான்.
- 'சி'யில் மட்டும் கோடு: வைரஸ் தெரியவில்லை.
- 'சி'யில் கோடு இல்லை: அட்டை வேலை செய்யவில்லை. வேறு அட்டை வேண்டும்.

அட்டையில் சொன்ன நேரத்தில் பாருங்கள். நேரம் கடந்து தெரியும் கோட்டை நம்பக் கூடாது.

'தெரியவில்லை' என்றால் 'இல்லை' என்று பொருளா?

கடலில் வலை வீசுகிறோம். மீன் சிக்கவில்லை. உடனே கடலில் மீனே இல்லை என்று சொல்வோமா? சொல்ல மாட்டோம். அதுபோலத்தான் இதுவும். வைரஸ் குறைவாக இருந்தால் கோடு விழாது. காய்ச்சலும் இருமலும் இருந்து கோடு விழாவிட்டால், ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை செய்ய வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 ஜூன் மாதமே இதைச் சொன்னது. கோடு இல்லை என்று நம்பிக் காய்ச்சலோடு வள்ளத்தில் ஏறினால், உடன் வருபவர்களுக்கும் நோய் வரும். வீட்டிலுள்ள முதியவர்களுக்கு ஆபத்து அதிகம்.

இறாலுக்கும் சோதனை உண்டு

வளர்ப்பு இறாலுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வரும். இதுவும் வைரஸ் நோய். 3 முதல் 10 நாளில் குளத்து இறால் முழுவதும் சாகலாம். மனிதருக்கு இது வராது. இதைக் கண்டறிய மங்களூர் மீன்வளக் கல்லூரி ஒரு சோதனையை உருவாக்கியது. வைரஸ் இருந்தால் நிறப் புள்ளி தோன்றும்.

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்

1. 'சி'யில் கோடு இல்லை என்றால் அட்டை ______ செய்யவில்லை.
2. மிக நுண்ணிய தங்கம் ______ நிறமாகத் தெரியும்.

பேசுவோம்

காய்ச்சல் இருக்கிறது. அட்டையில் 'டி' கோடு இல்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்?