பழைய பிக்கப் வாங்கப் போகிறீர்களா?

பழைய டீசல் பிக்கப் வாங்குபவர்கள் முதலில் எட்டிப் பார்ப்பது ஓடிய கிலோமீட்டரைத்தான். அது மாற்றி வைக்கக்கூடிய எண். ஏற்றிய சுமையின் கணக்கையும் சொல்லாது. பொலேரோவோ தோஸ்த்தோ, அளவுக்கு மீறி ஜல்லி ஏற்றி 60,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி, பால் கேன் ஏற்றி 1,50,000 ஓடியதைவிட அதிகம் தேய்ந்திருக்கக்கூடும். ஆகவே காலையில், இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போதே போய் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். நீலப்புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. வண்டியை ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பிறகு வண்டிக்கு அடியில் குனிந்து, சேசிஸில் வெல்டிங் தழும்பும் லீஃப் ஸ்பிரிங்கில் விரிசலும் தேடுங்கள்.

“இன்ஜினை இறக்கி வேலை பார்த்தால் சரியாகிவிடும்” என்பார்கள். உண்மைதான், அந்தச் செலவை விலையில் கழித்துக்கொண்டால். ஒட்டுப்போட்ட சேசிஸுக்கு அந்த வாதம் செல்லாது, விட்டுவிடுங்கள். ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால், ஃபைனான்ஸ் நிறுவனத்தின் என்.ஓ.சி.யும் கையெழுத்திட்ட படிவம் 35-உம் கண்ணில் படாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். எட்டு ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும், அது எப்போது முடிகிறது என்று பார்த்துவிட்டே விலை பேசுங்கள்.