குஞ்சின் குடலில் முதலில் குடியேறுவது எது?

தாய்க்கோழியுடன் திரியும் குஞ்சு, பொரிந்த ஓரிரு நாட்களிலேயே தரையைக் கொத்தத் தொடங்கிவிடுகிறது. தாயின் எச்சத்திலுள்ள நுண்ணுயிர்களும் இரையோடு சேர்ந்து அதன் குடலுக்குள் செல்கின்றன. பார்வைக்கு அசுத்தமாகத் தோன்றும் இச்செயல் குஞ்சுக்குப் பாதுகாப்பும் அளிக்கிறது என்பதைச் சோதனை மூலம் காட்டியவர் பின்லாந்து நாட்டுக் கால்நடை நுண்ணுயிரியல் அறிஞர் எஸ்கோ நூர்மி ஆவார்.

பின்லாந்தில் பரவிய கிருமி

1971ஆம் ஆண்டில் அந்நாட்டின் இறைச்சிக்கோழிப் பண்ணைகளில் சால்மோனெல்லா இன்ஃபான்டிஸ் என்னும் பாக்டீரியா பரவியது. தீவன மூலப்பொருள்கள் வழியாக இது பண்ணைகளுக்குள் நுழைந்தது. இவ்வகைக் கிருமியைக் கோழிகள் எவ்வித நோய் அறிகுறியும் இன்றிக் குடலில் சுமந்து திரியக்கூடும். ஆனால் சரியாக வேகாத இறைச்சியையோ முட்டையையோ உண்டவருக்குப் பெரும்பாலும் 6 முதல் 72 மணி நேரத்திற்குள் காய்ச்சல், வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு ஆகியன ஏற்படும். கைக்குழந்தைகளுக்கும் முதியோருக்கும் இது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

சோதனையும் விளக்கமும்

வளர்ந்த கோழியின் குடலில் சால்மோனெல்லா எளிதில் நிலைகொள்வதில்லை. பொரிப்பகக் குஞ்சுக்கோ மிகச் சில கிருமிகளே போதும். அது தாயைக் கண்டதில்லை. அதன் குடலில் நன்மை தரும் நுண்ணுயிர்கள் இன்னும் பெருகவில்லை. இதுவே காரணமாக இருக்கலாம் என்று நூர்மியும் அவருடன் பணியாற்றிய ரன்தலாவும் கருதினர். நலமான வளர்ந்த சேவல்களின் தீனிப்பையிலும் குடலிலும் உள்ள பொருளை நீர்க்கச் செய்து இளங்குஞ்சுகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தனர். பின்னர் சால்மோனெல்லாவையும் கொடுத்துப் பார்த்தனர். முன்கூட்டியே நுண்ணுயிர்க் கலவை பெற்ற குஞ்சுகளில் பெரும்பாலானவற்றைக் கிருமி பற்றவில்லை, பெறாதவற்றைப் பற்றியது. இம்முடிவுகள் 1973ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளியாயின.

பயிர் நெருங்கி வளர்ந்த வயலில் களைக்கு இடமில்லை. பயிரற்ற இடைவெளியில் கோரை முளைத்துவிடும். குடலிலும் இதுவே நிகழ்கிறது. நல்ல நுண்ணுயிர்கள் குடற்சுவரில் இடம்பிடித்து, உணவைப் பகிர்ந்துகொண்டு, சால்மோனெல்லாவுக்கு ஒவ்வாத அமிலங்களையும் உண்டாக்குகின்றன. ஒரே வகையைவிடப் பல வகை நுண்ணுயிர்கள் சேர்ந்த கலவையே சிறந்த பலன் தருகிறது.

இம்முறை வருமுன் காப்பதே அன்றி மருந்தன்று. கிருமி ஏற்கெனவே குடலில் நிலைகொண்டிருந்தால் பலன் குறைவு.

பண்ணையில் கவனிக்க வேண்டியவை

1. எச்சத்தைக் கரைத்துக் குஞ்சுகளுக்குத் தாமே கொடுத்தல் கூடவே கூடாது. இரத்தக் கழிச்சல், வெள்ளைக் கழிச்சல் போன்ற நோய்களும், சால்மோனெல்லாவுமே அதன் வழியாகப் பரவிவிடும். ஆய்வில் சோதித்துத் தயாரித்த கலவைகளே பயன்படுத்தத் தக்கவை.

2. கால்நடை மருத்துவரின் ஆலோசனையின்றி ஆன்டிபயாடிக் மருந்துகளைத் தண்ணீரிலோ தீவனத்திலோ கலத்தலாகாது. அவை நல்ல நுண்ணுயிர்களையும் சேர்த்து அழித்து, கிருமிக்கு இடம் ஏற்படுத்தித் தரும்.

3. புதிய குஞ்சுகளை இறக்குமுன் பழைய கூளத்தை அகற்றி, கொட்டகையைக் கழுவிக் கிருமிநாசினி தெளித்து, காய்ந்தபின் புதிய கூளம் பரப்புதல் வேண்டும். தண்ணீர்த் தட்டுகளை நாள்தோறும் கழுவுதல் அவசியம்.

4. தீவன மூட்டைகளை எலியும் பறவைகளும் அண்டாமல், ஈரம் படாமல் பலகை மேல் அடுக்கி வைத்தல் நலம். எலி எச்சம் கலந்த தீவனம் கிருமியைக் கொண்டுவரும்.

5. புறக்கடையில் கோழி வளர்ப்போர் தாய்க்கோழிக்குத் தடுப்பூசியும் குடற்புழு நீக்கமும் உரிய காலத்தில் செய்தல் வேண்டும். தாய் நலமாயிருந்தால்தான் அதனிடமிருந்து குஞ்சு பெறுவதும் நன்மையாகும்.

6. கோழியைக் கையாண்டபின் சோப்பிட்டுக் கை கழுவுக. பச்சை இறைச்சி நறுக்கிய அரிவாள்மனையைக் கழுவாமல் அதில் காய்கறி நறுக்கலாகாது. இறைச்சியை உள்வரை வேகவைத்தும், முட்டையை மஞ்சள் கரு கெட்டிப்படும்வரை வேகவைத்தும் உண்ணுதல் வேண்டும்.

சால்மோனெல்லா கண்ணுக்குத் தெரியாது. அதைச் சுமக்கும் கோழியும் நலமாகவே தோன்றும். ஆகவே, நோய் கண்டபின் மருந்து தேடுவதைவிட, குஞ்சு வந்திறங்கும் முதல் நாளிலேயே கவனம் செலுத்துவது செலவையும் குறைக்கும். அக்கோழியை உண்ணும் குடும்பத்தையும் காக்கும்.