தூளிக்கு அடியில் வரும் குளிர்

(பத்தாம் வகுப்பு)

முன்னுரை

'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்பது நம் முன்னோர் வாக்கு. தரையிலும் படுக்காமல் மச்சிலும் படுக்காமல், இரண்டுக்கும் நடுவே அந்தரத்தில் தொங்கிக்கொண்டு உறங்குபவர் ஒருவர் உண்டு. அவர்தாம் தூளியில் உறங்கும் குழந்தை. நம்மில் பெரும்பாலோர் அம்மாவின் பழைய சேலையில் கட்டிய தூளியில் வளர்ந்தவர்களே. அந்தத் தூளிக்குக் குளிர் எந்த வழியாக வருகிறது, அதை எப்படித் தடுக்கலாம் என்பதை, வகுப்பில் படித்த வெப்பப் பாடத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எண்ணூரும் வாடைக்காற்றும்

ஒரு புறம் வங்கக் கடல், மறு புறம் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகம் என்று இரு பக்கமும் நீர் சூழ்ந்தது நம் எண்ணூர். காற்றுக்கு இங்கே பஞ்சமில்லை. தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வருவது வாடை என்று தமிழர் திசைக்கொரு பெயர் வைத்தனர். இவற்றுள் குளிரைக் கொண்டு வருவது வாடையே.

மார்கழி, தை மாத இரவுகளில் நம் ஊரில் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்குகிறது. அதே மாதங்களில் உதகமண்டலத்தில் உறைபனியே விழுகிறது. அவ்வூரார் நம் குளிரைக் கேட்டால் சிரிப்பார்கள். பெரியவர்களைப் பொறுத்தவரை அந்தச் சிரிப்பு சரிதான். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு அது பொருந்தாது. குழந்தையின் எடை குறைவு. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்போ அதிகம். எனவே வெப்பம் விரைவில் வெளியேறுகிறது. பெரியவர்களைப் போல நடுங்கி உடலைச் சூடேற்றிக்கொள்ளவும் அதற்கு இயலாது. பிறந்த குழந்தையின் உடல் வெப்பநிலை 36.5 முதல் 37.5 டிகிரி வரை இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதற்குக் கீழே இறங்குவது ஆபத்து.

நம் பகுதியில் மீன் விற்கும் தாய்மார்கள் விடியுமுன்பே எழுந்து காசிமேட்டுக்குச் செல்கிறார்கள். குளிர் மிகுந்த அந்த வேளையில் தூளிக்குக் காவல் பாட்டியும் அக்காவுமே. ஆகவே இந்தப் பாடம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று.

வெப்பம் தப்பும் வழிகள்

வெப்பம் கடத்தல், சலனம், கதிர்வீச்சு என மூன்று வகையில் பரவுகிறது. தரையில் படுத்தால் உடலின் வெப்பம் கடத்தல் முறையில் தரைக்குள் இறங்குகிறது. தூளிக்குக் கீழே தரை இல்லை, காற்றுதான் இருக்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அப்படியானால் தூளி கதகதப்பாக அல்லவா இருக்க வேண்டும்? இங்கேதான் சலனம் குறுக்கிடுகிறது. தூளியின் அடியில் காற்று நிற்பதில்லை. உடலால் சூடேறிய காற்றை வாடை தள்ளிக்கொண்டு போக, அந்த இடத்துக்குப் புதிய குளிர்காற்று வருகிறது. தூளியை ஆட்டும்போதும் இதுவே நிகழ்கிறது. அழும் குழந்தையை வேகமாக ஆட்ட ஆட்ட, அதன் முதுகு மேலும் குளிர்கிறது.

'அடியில் ஒரு கம்பளியை மடித்துப் போட்டால் போதாதா?' என்று சிலர் கேட்கலாம். கம்பளி தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. தன் இழைகளுக்கு இடையே காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதே அதன் வேலை. மேலே போர்த்தும்போது அது உப்பலாக இருக்கிறது. அடியில் போட்டாலோ உடலின் பாரம் அதை நசுக்கிவிடுகிறது. காற்று வெளியேறிய கம்பளி வெறும் துணிக்குச் சமம். ஆகவே மேலே எத்தனை போர்த்தினாலும் அடியில் குளிர்கிறது.

ஈரம் இன்னும் பொல்லாதது. நீர், காற்றைப் போல ஏறத்தாழ 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். நனைந்த துணியை உடனே மாற்றும்படி பாட்டிமார்கள் வற்புறுத்துவதற்கு அறிவியல் காரணம் இதுவே.

கப்பலிலும் மலையிலும்

தூளியில் உறங்குவது குழந்தைகள் மட்டுமல்லர். 1492இல் கொலம்பஸ் கரீபியன் தீவுகளை அடைந்தபோது, அங்கே பெரியவர்களும் மரங்களுக்கிடையே கட்டிய தூளிகளில் உறங்குவதைக் கண்டார். அம்மக்கள் அதனை 'ஹமாக்கா' என்றனர். பிறகு ஐரோப்பிய மாலுமிகளும் அதைத் தமதாக்கிக்கொண்டனர். ஆங்கிலக் கடற்படைக் கப்பல்களில் ஒரு மாலுமியின் தூளிக்கு 14 அங்குல அகலமே ஒதுக்கப்பட்டது. தூளிக்குள் மெல்லிய மெத்தை விரித்து, கப்பலின் உள்தளத்தில் நெருக்கமாக உறங்கியதால், திறந்த வெளியின் காற்று அவர்களைத் தாக்கவில்லை.

இக்காலத்தில் மலைகளில் முகாமிடுவோர் சிலர் கூடாரத்துக்குப் பதிலாகத் தூளி கட்டி உறங்குகிறார்கள். திறந்த வெளி என்பதால் அவர்களை முதலில் வாட்டுவது முதுகுக் குளிரே. அதற்கு அவர்கள் இரு வழிகளைக் கையாளுகிறார்கள். ஒன்று, யோகா வகுப்பில் விரிப்பது போன்ற ரப்பர் நுரைப் பாயைத் தூளிக்குள் விரிப்பது. அதன் சிறு குமிழிகளில் அடைபட்ட காற்று உடலின் பாரத்தால் எளிதில் வெளியேறாது. மற்றொன்று, பஞ்சு மெத்தையைத் தூளிக்கு வெளியே, அடிப்புறத்தில் தொங்கக் கட்டுவது. மேலே படுத்திருப்பவரின் பாரம் அதன்மேல் விழாததால் அது உப்பலாகவே இருக்கிறது. ஆனால் அது தூளியின் அடியை ஒட்டியே இருக்க வேண்டும். பெரிய இடைவெளி விட்டால் அதற்குள்ளும் குளிர்காற்று புகுந்துவிடும். இவற்றோடு காற்று வரும் பக்கம் ஒரு தார்ப்பாயும் கட்டிக்கொள்கிறார்கள். சாரணியர் முகாமுக்கு உதகைக்கோ கொடைக்கானலுக்கோ செல்லும் தோழியர் இவற்றை நினைவிற் கொள்வது நலம்.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள மூன்று எவர்சில்வர் பாட்டில்களில் வெந்நீர் நிரப்பி மூடுங்கள். வெந்நீர் ஊற்றப் பெரியவர்களை அழைத்துக்கொள்ளுங்கள். முதல் பாட்டிலை ஒற்றைத் துணித் தூளியில் தொங்க விடுங்கள். இரண்டாவதைத் தூளியில் வைத்து, அதன் அடியில் மடித்த துணியைத் திணியுங்கள். மூன்றாவது தூளிக்கு வெளியே மற்றொரு துணியைக் கட்டி, இடையில் கசக்கிய செய்தித்தாளைத் தளர்வாக வையுங்கள். மின்விசிறிக் காற்றில் அரை மணி நேரம் விட்டபின் வெப்பமானியால் நீரின் வெப்பத்தை அளந்து, மூன்றையும் ஒப்பிடுங்கள். எது அதிக வெப்பத்தைக் காத்தது, ஏன் என்று வீட்டாருக்கு விளக்குங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. வாசலுக்கும் சன்னலுக்கும் நேராகத் தூளி கட்டக் கூடாது. காற்றோட்டம் தேவை, ஆனால் காற்று நேராகத் தாக்கக் கூடாது.

2. குளிர் நாட்களில் ஒரு சேலைக்கு வெளியே மற்றொரு சேலையைச் சற்றுத் தளர்வாகச் சேர்த்துக் கட்டலாம். இரண்டுக்கும் இடையே தங்கும் காற்றே குழந்தைக்கு அடிப்போர்வை. முகாமிடுவோர் செய்வதும் இதுவே.

3. குழந்தையின் முகத்தையோ தூளியின் வாயையோ மூடக் கூடாது. தலையணை, கனத்த போர்வை ஆகியவற்றை உள்ளே போடக் கூடாது, மூச்சு முட்டும். தலை குனிந்து முகவாய் மார்பில் அழுந்தினாலும் மூச்சுக்குத் தடையாகும். ஆகவே குழந்தையை அடிக்கடி பார்க்க வேண்டும். நீண்ட நேர உறக்கத்துக்குச் சமமான, உறுதியான படுக்கையில் மல்லாத்திக் கிடத்துவதே பாதுகாப்பு என்பது மருத்துவர் கருத்து.

4. குழந்தையின் வயிற்றையும் பாதங்களையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சில்லிட்டிருந்தால் உடனே தாயின் மார்போடு சேர்த்து அணைத்து, போர்த்திவிட வேண்டும். சூடு திரும்பாவிட்டாலும், பால் குடிக்க மறுத்தாலும், சோர்ந்து கிடந்தாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

தாயின் அணைப்புக்கு ஈடான போர்வை இல்லை. 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், குறைமாதக் குழந்தைகளுக்கான வெப்பப் பெட்டிகள் போதாதபோது, மருத்துவர் எட்கர் ரே குழந்தைகளைத் தாயின் மார்போடு தோலோடு தோலாகச் சேர்த்துக் கட்டச் செய்தார். அதுவே இன்று 'கங்காரு முறை' என்று நம் நாட்டு மருத்துவமனைகளிலும் பின்பற்றப்படுகிறது. அங்கே தாயின் உடலே வெப்பப் பெட்டி.

முடிவுரை

குளிர் மேலிருந்து மட்டும் வருவதாக எண்ணி, நாம் போர்வைக்கு மேல் போர்வை போர்த்துகிறோம். தூளியில் உறங்குபவருக்கோ காவல் வேண்டியது அடியில். அசையாத காற்றே நல்ல கம்பளி என்பதை உணர்ந்து, காற்றைத் தடுத்து, ஈரத்தை நீக்கி, நசுங்காத அடிப்போர்வை அமைத்தால் குளிரை வெல்லலாம். இந்த மார்கழியில், அம்மா கூடையோடு புறப்பட்டபின் தம்பி தங்கையின் தூளியை ஆட்டும் தோழியரே, ஆட்டுவதற்கு முன் ஒரு முறை தூளியின் அடியில் கை வைத்துப் பாருங்கள். அங்கே குளிர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது இனி உங்களுக்குத் தெரியும்.