ஓட்டோ கியர்: லீவரின் ஐந்து நிலைகள்

மயிலிட்டியிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்த நம் குடும்பங்களில் வாகனம் ஓட்டத் தெரிந்தவர்கள் லான்ட்மாஸ்ரரிலும் மொறிஸ், ஒஸ்ரின் கார்களிலும் பழகியவர்கள். இன்று பிள்ளைகள் பலர் வாடகை ஓட்டத்துக்கு எடுப்பதோ ஜப்பானிய ஓட்டோ கியர் கார். கிளச் இல்லை, ஆகவே இலகு என்பார்கள். இலகுதான். ஆனால் பழைய கைப்பழக்கம் இங்கே ஆபத்தாகலாம்.

எப்படி இயங்குகிறது?

இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றைச் சுழலவிட்டால், அதன் காற்றில் மற்றதும் சுழலும். அதுபோல, இத்தகைய கார்கள் பலவற்றில் இயந்திரத்தின் விசை எண்ணெய் வழியாகச் சில்லுகளுக்குச் செல்கிறது. அதனால் எக்ஸிலேற்றரை மிதிக்காவிட்டாலும் கார் மெல்ல நகரும்.

லீவரின் நிலைகள் (முன்னிருந்து பின்)

1. பார்க்: கியர்ப்பெட்டிக்குள் ஒரு கொளுவி விழுந்து பூட்டிக்கொள்ளும். கார் முற்றாக நின்றபின்பே இதற்கு மாற்ற வேண்டும்.

2. றிவேர்ஸ்: பின்னே செல்ல. இதற்கும் கார் முற்றாக நின்றிருக்க வேண்டும்.

3. நியூற்றல்: தொடர்பு அறும், பூட்டு இல்லை. எரிபொருள் மிச்சம் என்று இறக்கத்தில் இதில் ஓடவிடக் கூடாது.

4. ட்ரைவ்: முன்னே செல்ல. கியர்கள் தாமாகவே மாறும்.

5. லோ: றம்பொடை போன்ற நீண்ட மலை இறக்கங்களுக்கு. இயந்திரமே வேகத்தைப் பிடித்துக்கொள்வதால் பிறேக் சூடேறிச் செயலிழக்காது.

முன் செல்லும் நிலையும் பின் செல்லும் நிலையும் அருகருகே இருந்த பழைய கார்களில், ஒன்றென எண்ணி மற்றதில் போட்டு விபத்துகள் நேர்ந்தன. அவற்றுக்கு நடுவே நியூற்றல் இருக்க வேண்டுமென அமெரிக்காவில் 1968இல் விதி நடைமுறைக்கு வந்தது.

படலையில் கவனம்

படலையைத் திறக்க, ட்ரைவில் விட்டபடியே இறங்குவது பெரும் பிழை. ஆள் இறங்கியதும் கார் தானாக நகரும். முற்றத்தில் பிள்ளைகள் விளையாடுவார்கள், கிணறும் இருக்கும். நியூற்றலில் விட்டு இறங்குவதும் போதாது. ஒழுங்கு இதுதான்: கால்பிறேக், கைப்பிறேக், பார்க், இயந்திரத்தை நிறுத்துதல், இறங்குதல். புறப்படும்போதும் கால்பிறேக்கை மிதித்த பின்பே லீவரைத் தொட வேண்டும்.

தள்ளுவதும் இழுப்பதும்

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களைத் தள்ளி ஸ்ராட் செய்தது நினைவிருக்கும். ஓட்டோ கியர் காரில் அது சரிவராது. இயந்திரம் ஓடினால்தான் கியர்ப்பெட்டியின் எண்ணெய்ப் பம்ப் வேலை செய்யும். பழுதடைந்த காரைக் கயிறு கட்டி இழுத்தாலும் எண்ணெய் கிடைக்காமல் கியர்ப்பெட்டி கெடும். விசை பெறும் சில்லுகளை நிலத்திலிருந்து உயர்த்தியே கொண்டுசெல்ல வேண்டும். கியர்ப்பெட்டி போனால், கடன் எடுத்து வாங்கிய காரின் உழைப்பும் போகும்.

குழுவாகக் கலந்துரையாடுக

1. நியூற்றலுக்கும் பார்க்குக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. உங்கள் வளவில் காரை எங்கே நிறுத்துவது பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானது?
3. லான்ட்மாஸ்ரரில் பழகிய எந்தப் பழக்கத்தைக் காரில் கைவிட வேண்டும்?