வெளிநாட்டு மேற்படிப்பும் பணச் சான்றுகளும்

நம் பள்ளியில் படித்து, கல்லூரியில் பட்டமும் பெற்று, அமெரிக்காவில் மேற்படிப்புப் படிக்க விரும்பும் மாணவியர் இன்று பலர். மதிப்பெண் பற்றியும் ஆங்கிலத் தேர்வு பற்றியும் எல்லோரும் பேசுகிறார்கள். பணச் சான்று பற்றியோ கடைசி மாதத்தில்தான் வீட்டில் பேச்சு எழுகிறது. எனவே இதை மாணவியர் மட்டுமன்றிப் பெற்றோரும் படிக்க வேண்டுகிறேன்.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒரு மாணவியைச் சேர்த்துக்கொண்டதாகக் கடிதம் அனுப்பினால் மட்டும் விசா கிடைத்துவிடாது. ஐ-20 என்னும் படிவத்தைப் பல்கலைக்கழகம் தர வேண்டும். முதல் ஆண்டுச் செலவு முழுமைக்கும் பணம் இருக்கிறது என்பதற்குச் சான்று கண்ட பிறகே அதைத் தருவார்கள். அப்படிவத்தில் ஒரு புறம் செலவும் மறு புறம் வரவும் அச்சாகியிருக்கும். நம் வீட்டு மளிகைக் கணக்குப் போலத்தான். இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஆண்டுக் கட்டணம் 28,000 டாலர், உணவும் உறைவிடமும் 16,000, மருத்துவக் காப்பீடும் புத்தகமும் 2,500 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 46,500 டாலர். ஒரு டாலருக்கு 90 ரூபாய் என்று கொண்டால் ஏறத்தாழ 42 லட்சம் ரூபாய். இத்தொகை ஒருவர் கையிலேயே இருக்க வேண்டுமென்பதில்லை. வங்கிக் கல்விக் கடன் 25 லட்சம், தந்தையின் வைப்பு நிதி 9 லட்சம், தாயின் சேமிப்புக் கணக்கில் 3 லட்சம், பெரியப்பா தருவதாக ஒப்புக்கொண்ட 5 லட்சம் என்று சேர்த்துக் காட்டலாம். பெரியப்பா வாயால் சொன்னால் போதாது. இன்னாருக்கு இவ்வளவு தருவேன் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கையொப்பமிட்டு, தம் வங்கிக் கணக்கு விவரத்தையும் இணைக்க வேண்டும்.

வீட்டுப் பத்திரம், நிலப் பட்டா, நகை மதிப்பீடு ஆகியவற்றைப் பெற்றோர் பெருமையுடன் எடுத்து வருவார்கள். அவை குடும்பத்தின் நிலையைக் காட்டுமே தவிர, கட்டணம் கட்டும் பணமாகா. தென்னந்தோப்பை வைத்துக்கொண்டு ஆகஸ்டு மாதக் கட்டணத்தைச் செலுத்த முடியாதல்லவா? அதை விற்ற பணமோ, அதன்மீது பெற்ற கடனோ கணக்கில் வந்தால்தான் செல்லும்.

கல்விக் கடனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்திய வங்கிகள் சங்கம் 2001-ஆம் ஆண்டு மாதிரிக் கல்விக் கடன் திட்டம் ஒன்றை வகுத்தது. அத்திட்டப்படி ஏழரை லட்சம் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. வெளிநாட்டுப் படிப்புக்கு அத்தொகை எந்த மூலைக்கு? அதற்கு மேல் போகும்போது பெரும்பாலும் வீடோ மனையோ ஈடாகப் போகிறது. பெற்றோரும் சேர்ந்து கையொப்பமிடுகிறார்கள். படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்று கேட்டதும் மகிழ்ந்துவிடுகிறோம். ஆனால் வட்டி அந்நாட்களிலும் ஏறிக்கொண்டே இருக்கும். வங்கியில் கையொப்பமிடும் நாளன்று மகளும் உடன் போய், ஒவ்வொரு தாளையும் தானே படிக்க வேண்டும் என்பது என் கருத்து. வங்கி தரும் கடன் ஒப்புதல் கடிதமே பல்கலைக்கழகத்துக்கும் தூதரகத்துக்கும் சான்றாகும். விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்னும் கடிதம் உதவாது.

சில தரகர்கள் வேறொரு வழி சொல்வார்கள். ஒரு மாதத்திற்கு மட்டும் உங்கள் கணக்கில் பணம் போட்டுவைத்து, சான்று வாங்கியதும் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம். திடீரென ஒரே நாளில் வந்து விழுந்த பெருந்தொகை எங்கிருந்து வந்தது என்று அதிகாரி கேட்பார். பொய்ச் சான்று என்று முடிவானால், அந்நாட்டு விசாவுக்கே நிரந்தரமாகத் தகுதியற்றவராக்கச் சட்டத்தில் இடமுண்டு. அதில் தப்பினாலும், இரண்டாம் பருவக் கட்டணத்திற்கு எங்கே போவது? எஃப்-1 விசாவில் செல்பவர் முதல் கல்வியாண்டில் வளாகத்திற்கு வெளியே வேலை செய்யலாகாது. வளாகத்திற்குள்ளும் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான். கட்டணம் கட்டாவிட்டால் வகுப்பில் பதிவு இல்லை. பதிவு இல்லாவிட்டால் அங்கே தங்கும் உரிமையும் இல்லை. தெரியாத ஊரில் ஒரு பெண் அந்த நிலையில் நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

இனி, பலர் அறியாத ஒரு வழி. முனைவர் பட்டப் படிப்பில், குறிப்பாக அறிவியல், பொறியியல் துறைகளில், பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் உதவியாளர் பணி தருகின்றன. மாணவி இளநிலை வகுப்புகளுக்குக் கற்பிப்பாள் அல்லது ஆய்வுக்கூடத்தில் பணியாற்றுவாள். அதற்கு ஈடாகக் கட்டணம் தள்ளுபடியாகி, மாதந்தோறும் உதவித்தொகையும் வரும். அந்த நியமனக் கடிதமே பணச் சான்று. முதுநிலைப் படிப்பில் இது அரிது. ஆகவே நன்கு படிக்கும் ஏழை வீட்டுப் பெண், முதுநிலைக் கட்டணத்தைப் பார்த்து மலைத்து ஒதுங்காமல், இளங்கலைக்குப் பிறகு நேரடியாக முனைவர் படிப்பில் சேர இடம் தரும் துறைகளை விசாரிக்க வேண்டும். இத்தகைய உதவித்தொகையை ஏற்பதாக ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லக் கட்டாயமில்லை என்று பல பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் உடன்பாடு செய்துள்ளன. அதுவரை மற்றப் பதில்களுக்கும் காத்திருக்கலாம்.

சான்றுகளில் பெயர் ஒன்றாக இருக்கட்டும். நம் வீடுகளில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பதிவேட்டில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் தலைப்பெழுத்துடன் இன்னொன்று என்று இருப்பதுண்டு. கடவுச்சீட்டில் உள்ளபடி மற்றவற்றைத் திருத்தப் பல வாரங்கள் ஆகும், முன்கூட்டியே தொடங்குங்கள்.

சென்னை அண்ணா சாலையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் சில நிமிடங்களே நடக்கும். உன் படிப்புக்கு யார் செலவு செய்கிறார்? தந்தையின் ஆண்டு வருமானம் என்ன? கேள்வி மாணவியிடம்தான், பெற்றோர் உள்ளே வர முடியாது. தந்தையின் சம்பளம் எவ்வளவு என்று மகளுக்குச் சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் குறைவு. பெற்றோரே, அதற்கு முன் ஒரு மாலையாவது மகளை அருகில் அமர்த்தி, வரவு என்ன, கடன் என்ன, தம்பி தங்கையர் படிப்புக்கு மீதி என்ன என்று மறைக்காமல் காட்டுங்கள்.

விசா கிடைத்த பிறகும் இத்தாள்களைப் பெரிய பெட்டியில் வைத்து அனுப்பிவிடாதீர்கள். விமானம் இறங்கியதும் குடியேற்ற அதிகாரி ஐ-20-ஐயும் பணச் சான்றையும் கேட்கக்கூடும். அவை கைப்பையில் இருக்கட்டும். நகல் ஒரு தொகுதி வீட்டிலும் இருக்கட்டும்.