மாத்திரையும் மதிய உணவும்: ஒரு தாயின் கேள்விகள்

கவனக்குறைவும் மிகை இயக்கமும் கொண்ட குழந்தைகளை இன்று நம் வகுப்பறைகளில் அடையாளம் காண்கிறோம். ஏ.டி.எச்.டி. என்று மருத்துவர் உறுதி செய்த பின் சிலருக்கு மாத்திரையும் தரப்படுகிறது. அதன் பிறகு பெற்றோருக்கு எழும் ஐயங்கள் முதலில் வந்து சேர்வது ஆசிரியரிடம்தான்.

என் மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய் ஒரு நாள் கேட்டார்: “டீச்சர், மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து சாப்பாட்டைத் தொடவே மாட்டேங்கிறான். சாயங்காலமானா எரிஞ்சு எரிஞ்சு விழறான். நிறுத்திடட்டுமா?”

“நிறுத்தலாமா வேண்டாமான்னு டாக்டர்தாம்மா சொல்லணும். அவர்கிட்ட சொல்ல வேண்டிய விவரத்தை நாம ரெண்டு பேரும் சேர்ந்து எழுதி வைப்போம்” என்றேன்.

அவன் எடுத்தது மெத்தில்பெனிடேட். 1944இல் முதன்முதலாகத் தயாரிக்கப்பட்டு, பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கும் மருந்து. பசி குறைதல், தூக்கம் தாமதமாதல், தலைவலி, வயிற்றுவலி ஆகியவை இதன் பொதுவான பக்க விளைவுகள். மருந்தின் வேகம் குறையும் நேரத்தில் சில குழந்தைகளுக்கு எரிச்சல் வரும். எனவே அந்தத் தாயின் கவலை வீண் பயம் அன்று.

ஒரு நோட்டில் ஐந்து பத்திகள் வரைந்தோம்: மாத்திரை போட்ட நேரம், காலை உணவு, மதிய உணவு, வகுப்பில் முடித்த வேலை, கடைசிப் பாடவேளையில் மனநிலை. தூங்கிய நேரத்தைத் தாய் வீட்டில் குறித்தார். இரண்டு வாரங்களில் ஒரு செய்தி தெளிவானது. காலை 7 மணிக்கு வெறும் வயிற்றில் மாத்திரை. பள்ளியில் காலை உணவு பரிமாறும்போது பசி போயிருந்தது. 3 மணிக்கு மேல் எரிச்சல். ஆனால் கணக்குகளை முன்பைவிட இருமடங்கு முடித்திருந்தான்.

நோட்டைப் பார்த்த மருத்துவர் அளவைச் சற்றுக் குறைத்து, காலை உணவுக்குப் பின் தரச் சொன்னார். இப்போது அவன் காலை உணவைச் சாப்பிட்டு முடித்ததும் தாயே பள்ளிக்கு வந்து மாத்திரை தருகிறார். மதியம் இன்னும் பாதிதான் சாப்பிடுகிறான்; முட்டையை முதலில் உண்ணச் சொல்கிறோம். மாலை 5:30 மணிக்குப் பசி திரும்பியதும் வீட்டில் முழுச் சாப்பாடு.

தாயின் மற்ற கேள்விகள் எல்லாப் பெற்றோருக்கும் உரியவை.

“வளர்த்தி நின்னுடுமா?” நின்றுவிடாது, சில குழந்தைகளுக்கு வளர்ச்சி வேகம் சற்றுக் குறையலாம். அதனால்தான் ஆறு மாதத்திற்கு ஒருமுறையாவது உயரமும் எடையும் பார்க்கப்படுகின்றன. பள்ளியில் நாம் அளக்கும் எண்களைப் பெற்றோரிடம் எழுதிக் கொடுக்கலாம்.

“பழக்கமாகிடுமா?” மருத்துவர் சொன்ன அளவில், மேற்பார்வையில் எடுக்கும் குழந்தை அடிமையாவது அரிது. எனினும் இது கட்டுப்பாடுள்ள மருந்து. புத்தகப் பையில் இருக்கக் கூடாது. பிறர் கைக்கும் போகக் கூடாது.

“பையன் பொம்மை மாதிரி ஆகிடுவானோ?” சிரிப்பும் பேச்சும் அடங்கி மந்தமாகத் தெரிந்தால், அளவு அதிகமாக இருக்கலாம். அதை ‘நல்ல ஒழுக்கம்’ என்று நாம் மகிழாமல் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும்.

நெஞ்சு வலி, மயக்கம், இல்லாததைப் பார்ப்பதாகவோ கேட்பதாகவோ சொல்லுதல், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பேச்சு ஆகியவை தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

ஏ.டி.எச்.டி.க்கு எல்லோரும் எடுப்பது ஒரே மருந்து அன்று. அட்டோமாக்செட்டின் முழுப் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். குளோனிடினைத் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் உயரக்கூடும். “நாலு நாள் நிறுத்திப் பாருங்கம்மா” என்று நாம் சொல்லக் கூடாததற்கு இதுவே காரணம்.

வகுப்பில் நாம் செய்யக்கூடியவை:

• கவனம் நிலைக்கும் நேரத்தில் கணக்கும் எழுத்தும். மருந்து குறையும் நேரத்தில் செயல்பாடு, விளையாட்டு.
• ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, முதல் இருக்கை, கரும்பலகை துடைப்பது போன்ற எழுந்து நடமாடும் வேலை.
• “இன்னைக்கு மாத்திரை போட்டியா?” என்று பிற மாணவர் முன் ஒருபோதும் கேட்காதிருத்தல்.
• வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் கலந்து பேசுதல்.

மருத்துவர் குழந்தையைச் சில நிமிடங்களே பார்க்கிறார். நாம் நாள் முழுதும் பார்க்கிறோம். நாம் பார்த்ததைத் தேதியிட்டு எழுதிக் கொடுத்தால், பெற்றோரின் பயத்துக்கு ஒரு பதில் கிடைக்கும். குழந்தைக்குச் சரியான அளவும் கிடைக்கும்.