மசோதாவைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

அன்புள்ள இளம் வழக்கறிஞருக்கு,

நீதிமன்றங்களைத் தொடும் ஒரு மசோதா சட்டமன்றக் குழுவின் முன் வரும்போது வழக்கறிஞர் என்ன சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படி ஒரு கேள்வி வந்ததே மகிழ்ச்சி. நம் தொழிலில் பெரும்பாலோர் சட்டம் அரசிதழில் வந்த பிறகுதான் அதைக் கையில் எடுக்கிறோம். பிறகு ரிட் மனுப் போட்டு அதன் ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுகிறோம். ஓட்டை விழும் இடத்துக்கே முன்கூட்டிப் போய் நிற்க நினைப்பவர்கள் குறைவு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்டனை எவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும் என்று பேச அவையில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. இந்த மசோதா நீதிமன்றத்திடம் என்ன வேலை வாங்கப் பார்க்கிறது, அதற்கு ஆளும் பணமும் எங்கே, ஏற்கெனவே உள்ள சட்டத்தோடு எங்கே முட்டுகிறது என்று நிதானமாகக் கேட்க வாய்ப்புள்ள இடம் குழு ஒன்றுதான். அங்கே நீங்கள் செலவிடும் ஒவ்வொரு நிமிடமும் இந்தக் கேள்விகளுக்கே போக வேண்டும்.

அண்மை வரலாற்றைப் பாருங்கள். 2019 நவம்பரில் ஹைதராபாத் அருகே ஒரு கால்நடை மருத்துவர் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். குற்றம் நடந்தது தெலங்கானாவில்; மசோதா வந்தது ஆந்திரத்தில். டிசம்பர் 13 அன்று ஆந்திரப் பேரவை திஷா மசோதாக்களை நிறைவேற்றியது. ஏழு வேலை நாளில் புலனாய்வு, பதினான்கு வேலை நாளில் விசாரணை, ஆக 21 வேலை நாளில் தீர்ப்பு. கொல்கத்தாவில் ஒரு மருத்துவக் கல்லூரியில் நடந்த கொடுமைக்குப் பிறகு மேற்கு வங்கப் பேரவை சிறப்புக் கூட்டம் கூட்டி 2024 செப்டம்பர் 3 அன்று அபராஜிதா மசோதாவை நிறைவேற்றியது. அதில் புலனாய்வுக்கு மட்டும் 21 நாள். நம் தமிழ்நாட்டுப் பேரவையும் விலக்கல்ல. அண்ணா பல்கலைக்கழக வளாகச் சம்பவத்துக்குப் பிறகு தண்டனைகளைக் கூட்டும் குற்றவியல் திருத்த மசோதா 2025 ஜனவரி 10 அன்று அறிமுகமாகி மறுநாளே நிறைவேறியது. இந்த வரிசையில் மகாராஷ்டிரம் மட்டும் வேறு வழியில் போனது. 2020 டிசம்பரில் அறிமுகமான சக்தி மசோதா இரு அவைகளின் கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டு, ஓராண்டு அங்கே கிடந்து, 2021 டிசம்பரில்தான் நிறைவேறியது. ஒரே வகைக் கோபத்துக்கு நான்கு மாநிலங்கள் மசோதாவால் பதில் சொன்னதால், குழு என்ன செய்யும், என்ன செய்யாது என்று ஒப்பிட நமக்கு ஓர் அரிய வாய்ப்பு கிடைத்திருக்கிறது.

முதலில் அந்த நாட்கணக்கை எடுத்துக்கொள்வோம். இந்த மசோதாக்களுக்கு முன்பே, 2018இல் நாடாளுமன்றம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தி, வன்கொடுமை வழக்கில் புலனாய்வுக்கு இரண்டு மாதம், குற்றப்பத்திரிகை தாக்கலானதிலிருந்து விசாரணைக்கு இரண்டு மாதம் என்று எல்லை வகுத்திருந்தது. அந்த எல்லையும் ஏட்டில்தான் இருந்தது. எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்று அந்தப் பிரிவுகள் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. காலம் கடந்ததற்காக வழக்கை மூடினால் தண்டனை அனுபவிப்பவர் பாதிக்கப்பட்ட பெண்தான். நீதிமன்றங்கள் தாமாகவே ஒரு பொதுக் கால எல்லை வகுத்து, அது கடந்ததும் விசாரணையை முடித்துவிடக் கூடாது என்று பி. ராமச்சந்திர ராவ் வழக்கில் 2002இல் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு சொன்னதும் ஏறக்குறைய இதே அக்கறையால்தான். ஆக, இரண்டு மாதம் என்று எழுதியே நடக்காத வேலையை ஏழு நாள் என்று எழுதினால் நடந்துவிடும் என்று நம்ப என்ன ஆதாரம்? போக்சோ சட்டத்தின் அனுபவம் எதிர்த்திசையில்தான் கைகாட்டுகிறது. 2012இல் வந்த அந்தச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, குழந்தையின் சாட்சியத்தை முப்பது நாளில் பதிவுசெய்ய வேண்டும், விசாரணையைக் கூடியவரை ஓராண்டில் முடிக்க வேண்டும் என்கிறது. 28ஆம் பிரிவு இருக்கிற செஷன்ஸ் நீதிமன்றத்தையே சிறப்பு நீதிமன்றமாகக் குறித்துவிட்டால் போதும் என்கிறது. ஏழாண்டு கழித்து, 2019 ஜூலையில், நூறு வழக்குக்கு மேல் நிலுவையில் உள்ள ஒவ்வொரு மாவட்டத்திலும் இந்த வழக்குகளை மட்டுமே விசாரிக்கும் நீதிமன்றத்தை மத்திய அரசின் செலவில் அமைக்கும்படி உச்ச நீதிமன்றமே ஆணையிட வேண்டி வந்தது. ஏற்கெனவே கொலை வழக்கும் கொள்ளை வழக்கும் பார்த்துக்கொண்டிருந்த நீதிபதிக்கு இன்னொரு பெயர்ப்பலகை கொடுத்ததால் அவருடைய நாளில் மணிநேரம் கூடவில்லை.

ஒரு வழக்கு எங்கே நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியும். சட்டமன்ற உறுப்பினர் பலருக்குத் தெரியாது. தடயவியல் ஆய்வகத்திலிருந்து டிஎன்ஏ அறிக்கை வரவில்லை. மருத்துவர் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார், சம்மன் சார்வாகவில்லை. அரசு வழக்கறிஞர் பணியிடம் காலி. புலனாய்வு அதிகாரி பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார். ஒவ்வொன்றும் ஒரு வாய்தா. இவற்றில் எதையும் புதிய தண்டனைப் பிரிவு தொடுவதில்லை. பத்து லட்சம் மக்களுக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 120ஆவது அறிக்கையில் சொன்னது 1987இல். அதை ஐந்தாண்டில் எட்ட வேண்டும் என்று அகில இந்திய நீதிபதிகள் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 2002இல். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களையெல்லாம் நிரம்பியதாகக் கணக்கிட்டாலும் நாடு இன்னும் 21 அளவில்தான் நிற்கிறது. அதனால்தான் மசோதாவைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கச் சொல்கிறேன். அங்கேதான் நிதிக் குறிப்பாணை இருக்கும். மாவட்டந்தோறும் சிறப்பு நீதிமன்றம் என்று முன்பக்கத்தில் முழங்கிவிட்டு, பின்பக்கத்தில் எத்தனை பணியிடம், எவ்வளவு செலவு என்று ஒரு கணக்கும் காட்டாத மசோதா தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது. முழக்கத்துக்கு எதிராக வாதாடாதீர்கள். அந்தப் பக்கத்தைக் குழுவின் மேசைமேல் வைத்துவிட்டு, விளக்கம் கேளுங்கள்.

அண்ணா பல்கலைக்கழக வழக்கு இங்கே நல்ல பாடம். சம்பவம் 2024 டிசம்பர் 23. உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. வழக்கு மகளிர் நீதிமன்றத்தில் நடந்து, 2025 மே 28 அன்று குற்றவாளி என்று தீர்ப்பாகி, ஜூன் 2 அன்று, முப்பதாண்டுக்கு முன் விடுதலையில்லை என்ற நிபந்தனையோடு ஆயுள் தண்டனை வந்தது. ஐந்து மாதம் சொச்சம். ஜனவரித் திருத்தத்துக்கு இதில் பங்கில்லை. குற்றம் அதற்கு முந்தியது, பிந்தி வந்த கூடுதல் தண்டனையை முன்தேதியிட்டு விதிப்பதை அரசியலமைப்பின் 20ஆவது பிரிவு தடுக்கிறது. இருந்த சட்டமே போதுமானதாக இருந்தது. தேர்ந்த அதிகாரிகளும், நேரம் ஒதுக்கிய நீதிமன்றமும், மேலிருந்து உயர் நீதிமன்றத்தின் கண்ணும் சேர்ந்ததால் வேகம் வந்தது. நாடே பார்த்துக்கொண்டிருந்த வழக்கு அது, எல்லா வழக்குக்கும் அப்படி வாய்க்குமா என்று கேட்பீர்கள். வாய்க்காதுதான். பெயர் தெரியாத பெண்ணின் வழக்குக்கும் அதே ஆட்களும் நேரமும் கிடைக்க என்ன ஏற்பாடு என்பதே மசோதாவிடம் கேட்க வேண்டிய கேள்வி.

இனி மகாராஷ்டிரத்துக்கு வருவோம். முதல் வடிவில் புலனாய்வுக்குப் பதினைந்து வேலை நாள் என்று இருந்தது. குழுவிலிருந்து வெளிவந்தபோது அது முதல் தகவல் அறிக்கையிலிருந்து முப்பது நாளாக மாறியிருந்தது. சமூக ஊடக நிறுவனங்களும் தொலைபேசி நிறுவனங்களும் புலனாய்வுக்குத் தேவையான தரவை மூன்று நாளில் தராவிட்டால் தண்டனை என்ற பிரிவும் இருந்தது. தாமதம் எங்கே பிறக்கிறது என்று யாரோ யோசித்ததன் அடையாளம் இது. தூக்குத் தண்டனையைவிட இந்தச் சிறு பிரிவு எனக்குப் பயனுள்ளதாகப் படுகிறது. ஆனால் குழுவை நான் கோயிலாக்கவில்லை. நிறைவேறிய வடிவில் பொய்ப் புகாருக்கு மூன்றாண்டு வரை சிறை என்றும் இருந்தது. புகார் கொடுக்கவே தயங்கும் பெண்ணின் தலைமேல் தொங்கும் கத்தி அது. குழுவின் தலைமை உள்துறை அமைச்சரிடமே இருந்தது; கேரளத்தில் 1980 முதல் இயங்கும் துறைவாரிக் குழுக்களுக்கும் அந்தந்த அமைச்சர்தான் தலைவர். மசோதாவைக் கொண்டுவந்தவரே அதைச் சோதிக்கும் குழுவையும் நடத்துவது நல்ல ஏற்பாடாக எனக்குத் தோன்றவில்லை.

கடினமான எதிர்வாதம் இதுதான்: ஓராண்டு குழுவில் கிடந்த சக்தி மசோதாவுக்கும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை, ஒரே வீச்சில் நிறைவேறிய திஷாவுக்கும் கிடைக்கவில்லை; பிறகு குழுவால் என்ன லாபம்? குற்றவியல் சட்டமும் நடைமுறையும் பொதுப்பட்டியலில் இருக்கின்றன. 42ஆவது திருத்தம் கீழமை நீதிமன்ற அமைப்பையும் அங்கேயே கொண்டுபோய்ச் சேர்த்தது. மத்தியச் சட்டத்தோடு முரண்படும் மாநிலச் சட்டம் நிலைக்க 254ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். அந்த வாசலில் நடக்கும் அரசியலைக் குழு மாற்ற முடியாது. அதோடு, இந்த இரண்டு மசோதாக்களும் திருத்த முயன்ற பழைய தண்டனைச் சட்டமும் நடைமுறைச் சட்டமும் 2024 ஜூலை 1 அன்று இடத்தை விட்டே போய்விட்டன. ஆகக் குழு வெற்றியைத் தரும் என்று நான் சொல்லவில்லை. மறுப்பதற்கு எளிய காரணங்களையாவது மசோதாவிலிருந்து களைந்திருக்கலாம் என்கிறேன். அபராஜிதாவை எடுத்துக்கொள்ளுங்கள். வன்கொடுமையால் மரணம் நேர்ந்தால் தூக்கு ஒன்றே தண்டனை, நீதிபதிக்கு வேறு வழியில்லை என்றது அது. கட்டாய மரண தண்டனை விதித்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 303ஆம் பிரிவை மிட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது 1983இல். ஒரு ஜூனியர் வழக்கறிஞர் குழுவின் முன் அரைமணி நேரத்தில் எடுத்துச் சொல்லியிருக்கக்கூடிய விஷயம் இது. அப்படியொரு அரைமணி அந்த மசோதாவுக்கு வாய்க்கவில்லை.

மக்கள் கொதித்துக்கொண்டிருக்கும்போது குழு என்பது ஆறப்போடும் தந்திரம் என்ற குற்றச்சாட்டும் உண்டு. சில சமயம் அது உண்மையும்கூட. அதற்கு மருந்து, அறிக்கைக்கு ஆறு வாரம் என்று அவையே கெடு வைப்பது. நீதிமன்றத்துக்கு 21 நாள் கெடு வைக்கத் தயங்காதவர்கள் தங்கள் குழுவுக்குக் கெடு வைக்கத் தயங்குவானேன்? கடும் தண்டனை சமூகத்துக்கு ஒரு செய்தி சொல்கிறது என்ற வாதத்தோடு நீங்கள் மல்லுக்கட்டத் தேவையில்லை. செய்தி சொல்லட்டும், அதைச் சாட்சிக் கூண்டில் நிற்கும் பெண்ணுக்கும் சேர்த்துச் சொல்ல எத்தனை நீதிமன்றம் என்று மட்டும் கேளுங்கள்.

மனு எழுதும் முறையைப் பற்றிச் சிறிது. இரண்டு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். தீர்ப்புகளை அடுக்காதீர்கள்; குழு உயர் நீதிமன்ற அமர்வு அல்ல. எந்தப் பிரிவு, அதில் என்ன குறை, அதன் இடத்தில் என்ன வாசகம் என்று திருத்தத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். குறையை மட்டும் சொல்பவரைக் கேட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். மாற்று வாசகம் கொடுப்பவரின் தாள் கையிலேயே இருக்கும். உங்கள் மாவட்ட நீதிமன்றத்தின் எண்ணிக்கைகளைச் சேருங்கள்: அந்த வகை வழக்கு எத்தனை நிலுவை, எத்தனை பணியிடம் காலி, ஆய்வக அறிக்கை வரச் சராசரியாக எத்தனை மாதம். தகவல் உரிமைச் சட்டம் இதற்கு உதவும். ஆளுங்கட்சி உறுப்பினரிடமும் அதே தாளைக் கொடுங்கள். கொறடாவின் ஆணை வாக்கெடுப்பில்தான் ஓங்கி நிற்கும். கேள்வி கேட்பதைத் தடுக்க அது பெரும்பாலும் மெனக்கெடுவதில்லை.

நம் மாநிலத்தில் குழுவே அரிது, மசோதா காலையில் மேசைக்கு வந்து மறுநாள் போய்விடுகிறது, இதெல்லாம் எங்கே செல்லும் என்பீர்கள். அறிவிப்பு வந்த அன்றே எழுதத் தொடங்குங்கள். மசோதாவின் வாசகம் கைக்கு வரும்வரை காத்திருக்காதீர்கள், தேவையான எண்ணிக்கைகள் அதற்கு முன்பே உங்கள் நீதிமன்ற வளாகத்தில்தான் கிடக்கின்றன. தேர்வுக் குழுவுக்கு அனுப்பச் சொல்லி ஓர் உறுப்பினரையாவது தீர்மானம் கொடுக்க வையுங்கள். தோற்றாலும் அவைக்குறிப்பில் ஏறும். அதுவும் நழுவிப் போனால், சட்டத்தின் கீழ் வகுக்கப்படும் விதிகள் பேரவையின் முன் வைக்கப்படும். அவற்றைப் பார்க்கச் சட்ட விதிகள் ஆய்வுக் குழு என்று ஒன்று இருக்கிறது. நீதிமன்றத்தை எங்கே அமைப்பது, சாட்சிக்கு என்ன படி, அறிக்கையை யார் எத்தனை நாளில் அனுப்புவது என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த விதிகளில்தான் வரும். அந்தக் குழுவுக்குக் கடிதம் எழுதும் வழக்கறிஞர்கள் மிகக் குறைவு.

அன்புடன்,
உங்கள் தொழிலில் மூத்தவன்